முகவரி பூஜ்யம்

டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில், சிஸ்டர்ஸ் க்ரீக் பக்கத்து ஜனங்களுக்கு நோலீன் வைனியை அவள் விசிலை வைத்துத்தான் தெரியும். சனிக்கிழமைகளில் வின்யார்ட் மைதானத்தில் பெண்கள் ஆடும் நெட்பாலுக்கு அவள்தான் நடுவர். அவள் ஊதினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்பார்கள். வாரத்தில் மிச்ச நாள் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு போடுகிற ராஸ் வைனியின் பெண்டாட்டி, பெர்னியில் ஏதோ ஆபீஸில் டைப் அடிக்கிறாள் என்பார்கள். ராஸே கல்யாணமாகி நாலைந்து வருஷம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் எழுதியது கம்ப்யூட்டர் புரோகிராம்.

வெண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் ஆறு பிள்ளைகளில் அவள் நாலாவது. பதினேழு வயதில் காகித ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் அட்டைகளில் துளை போடும் வேலைக்குப் போனாள். புரோகிராமர்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவள் அதைப் பார்த்து ஓர் அட்டைக்கு ஒரு வரியாகத் துளை போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் அவள் தாள்களைத் திருப்பிக் கொண்டுபோய் நீட்ட ஆரம்பித்தாள். "இது ஓடாதுங்க" என்பாள். மெல்போர்னிலிருந்து வந்திருந்த ஒருவர், "நீ துளை போடும்மா, போதும்" என்று சிரித்தார். அது ஓடவில்லை. அடுத்ததும் ஓடவில்லை. மூன்றாவது முறை பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டு ஒரு காலித் தாளைக் கொடுத்து, "இந்தா, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். அவள் படித்த படிப்பு அவ்வளவுதான்.

ஆலையில் ஆள் குறைத்தபோது அவள் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறினாள். பெர்னி துறைமுகத்தை ஒட்டி, டயர் கிடங்குக்குப் பின்னால், மொத்தமே ஏழு பேர். முதலாளி க்ளைவ் டன்ஹாம் முன்னாள் தொலைபேசி மெக்கானிக். தனியாக வாழ்கிற வயதானவர்களுக்காக அவர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். கழுத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தொங்கும். விழுந்துவிட்டால் அழுத்த வேண்டும். வீட்டில் இருக்கும் பெட்டி தானாக லான்செஸ்டன் மையத்துக்கு போன் போடும், அங்கே உட்கார்ந்திருப்பவர் பேசுவார், ஆம்புலன்ஸ் வரும். அந்தப் பெட்டிக்குள் இருந்த புரோகிராம் முழுவதும் நோலீன் எழுதியது. நாலு வருஷமாக ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பிழைத்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புவார்கள். அவள் அதையெல்லாம் மேசை மேலே ஒட்டி வைத்திருந்தாள்.

1996 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆப்பிள் அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாள் சுற்றி ஒரு பெட்டி திரும்பி வந்தது. கூடவே ஆரம்ப சுகாதார நர்ஸ் எழுதிய ஒரு கடிதம்.

வாராட்டாவில் போவிலாஸ் ரிம்குஸ் என்று ஒருவர், எழுபத்துநாலு வயது, தனியாள். காலை எட்டு மணிக்கு விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பொத்தானை அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை. வாராட்டாவின் ஆகஸ்ட் குளிரில், ஈரத் தரையில், எட்டு மணி நேரம் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு டெஸ் மெட்வின் சாயங்காலம் நாலு மணிக்கு எட்டிப் பார்த்ததால் உயிர் தப்பினார். இப்போது பெர்னி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

க்ளைவ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "பேட்டரியா இருக்கும்" என்றார்.

நோலீன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப கெழவர் அழுத்தியே இருக்க மாட்டார். விழுந்த வேகத்துல மயக்கமாயிருப்பார். அழுத்தினதா ஞாபகம் இருக்கும், அவ்ளோதான்."

அவள் பெட்டியைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனாள். புரோகிராம் நிலைகுலைந்து நின்றுபோனால் பெட்டி தன்னைத்தானே அணைத்துத் திரும்ப எழுப்பிக்கொள்ளும்; அதற்கு முன்னால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நின்றுபோனது என்று நினைவகத்தின் ஒரு மூலையில் குறித்துவைக்கும். அவளே செய்துவைத்த ஏற்பாடு. அந்த மூலையை அவள் படித்தாள். பதினாலு தடவை நின்றிருந்தது. பதினாலு தடவையும் ஒரே இடம். முதல் ஆறு குறிப்புகள் அடுத்தடுத்து. அப்புறம் கொஞ்சம் இடைவெளி. கடைசிக் குறிப்பு பிற்பகல் இரண்டே காலுக்கு.

அந்த மனிதர் காலை எட்டிலிருந்து இரண்டே கால் வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

அவள் புரோகிராமின் அச்சுப் பிரதியை எடுத்து குறிப்பிலிருந்த இடத்தின் எண்ணைத் தேடி விரல் வைத்து இறங்கிக்கொண்டே வந்தாள். எழுபத்திரண்டாம் பக்கம். விரல் ஒரு வரியில் நின்றது. அது அவள் நன்றாக அறிந்த வரி.

கம்ப்யூட்டரின் நினைவகத்தை ஒரு நீளமான தெரு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் முகவரி. பாயிண்டர் என்பது வீடு இல்லை, அந்த வீட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு. போக வேண்டிய வீடு எதுவும் இல்லை என்றால் சீட்டில் பூஜ்யம் எழுதிவிடுவார்கள். அதற்கு நல் என்று பெயர். தமிழில் எழுதினால் ஏதோ நல்ல வார்த்தை போலத் தெரிகிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் நல்லது எதுவும் சொல்ல மாட்டார்கள். பூஜ்யம் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே அந்த முகவரிக்குக் கிளம்பிப் போகிற புரோகிராம், அங்கே கிடக்கிற ஏதோ குப்பையை வீட்டுக்காரர் என்று எண்ணி நடக்க ஆரம்பிக்கும். அதோடு அதன் கதை முடிந்தது.

நோலீன் எழுதிய பெட்டி, பொத்தானை அழுத்தியதும் முதலில் உறவினர் பட்டியலுக்குப் போகும். விபத்தென்றால் சொல்லியனுப்ப வேண்டிய சொந்தக்காரர்களின் பட்டியல். அதில் முதல் பெயரை எடுத்துச் செய்தியில் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் மையத்துக்கு போன் போடும். ரிம்குஸின் விண்ணப்பத்தில் அந்த இடம் காலி. பட்டியலில் யாரும் இல்லை. முதல் பெயருக்கான சீட்டில் பூஜ்யம். பெட்டி அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புறப்பட்டு, விழுந்து, எழுந்து, அவர் அடுத்த முறை அழுத்துவதற்காகக் காத்திருந்தது.

மாதம் ஒரு முறை பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனை பட்டியல் பக்கம் போவதில்லை. அதனால் எல்லா மாதமும் சரி என்றே வந்தது. அவள் எழுதிய நாளில் சோதித்துப் பார்த்தபோதோ, பட்டியலில் ராஸின் பெயரைப் போட்டிருந்தாள். ராஸின் பெயருக்குக் கீழே அக்காக்கள் பெயர், அண்ணன் பெயர், தம்பிகள் பெயர். வேடிக்கையாக மாமியார் பெயர்கூட.

அவள் க்ளைவின் அறைக்குப் போனாள்.

"பதினாலு தடவ அழுத்தியிருக்கார். பதினாலு தடவையும் புரோகிராம் ஒரே வரியில நின்னுருக்கு" என்றாள்.

க்ளைவ் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு எழுதினது அந்த இடத்த?"

"நான்தான்."

வெளியே கிடங்கில் யாரோ டயர்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி. சரி பண்ணிடு" என்றார் க்ளைவ். "இனிமே போற பெட்டியில எல்லாம் புதுசு போட்டுடலாம். ஃபாரத்துல சொந்தக்காரர் பேரு கட்டாயம்னு அடிச்சுடலாம். அப்புறம் நோலீன், ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. வக்கீல்கிட்டப் பேசுற வரைக்கும் நம்மள்ல யாரும் அவரப் பாக்கக் கூடாது. ஏழு பேரோட பொழப்பு."

"ஏற்கனவே போன பெட்டிங்க?"

"எல்லாத்தையும் திரும்பக் கூப்பிட்டா, மறுநாளே நம்மளப் பத்திப் பேப்பர்ல வரும். அப்புறம் நல்லா இருக்கிற பெட்டியக்கூட யாரும் வீட்டுல வச்சுக்க மாட்டாங்க. அதையும் யோசிச்சுப் பாரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அந்த ஊர்க்காரர்கள் 'பை' என்கிற, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம் இரண்டு வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார் ரிம்குஸ். உடம்பு வற்றிப் போயிருந்தாலும் கைகள் இரண்டும் மண்வெட்டி மாதிரி. இரண்டாம் உலகப் போர் முடிந்து கப்பலில் வந்து இறங்கி, மலைக்குள் நீர்மின் சுரங்கம் தோண்டிய கைகள். மூக்குக் கண்ணாடி வழியாக அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நர்ஸா நீ?"

"இல்லைங்க. உங்க வீட்டுல ஒரு பெட்டி இருந்துச்சே, சிவப்புப் பொத்தான். அதுக்குள்ள இருக்கிற புரோகிராமை எழுதினவ."

"அது வேல செய்யலியே."

"ஆமா. என் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் யோசித்தார். பிறகு அவள் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பார்த்தார். "அதுல என்ன?"

"சிப்பிப் பை."

"கறி மசாலா போட்டதா?"

"ஆமாங்க."

"சூடு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உக்காரு. தப்பச் சாப்டுட்டே பேசலாம்."

அவள் சொன்னாள். தெரு, வீட்டு எண், துண்டுச் சீட்டு, பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிப்பிப் பையைத் தின்றுகொண்டே கேட்டார். மேல்மாவின் தூள் கம்பளி மேலெல்லாம் சிந்தியது. சொல்லி முடித்ததும் அவர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ஆக, எனக்கு யாரும் இல்லேன்னதும் அந்த மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு."

"மெஷினுக்கு இல்லைங்க. எனக்குத்தான் புத்தி போகல. எனக்குக் கூடப் பொறந்தவங்க அஞ்சு பேர். வீட்டுக்காரர் பக்கம் ஏழு. கிறிஸ்துமஸுக்கு டிராக்டர் கொட்டகையிலதான் எல்லாருக்கும் மேசை போட முடியும். எழுதுறதுக்கு ஒரு பேருகூட இல்லாம ஒருத்தர் இருப்பாருன்னு எனக்குத் தோணவே..." அவள் கைக்குட்டை தேடினாள். சிப்பிப் பையைச் சுற்றிவந்த காகிதம்தான் அகப்பட்டது.

"அட, அத வச்சுத் தொடைக்காதே. கண்ணு எரியும்" என்று அவர் தலையணைப் பக்கத்திலிருந்த துணியை நீட்டினார். "எழுத ஆளே இல்லாம இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் பேர எழுதட்டுமான்னு அந்த நர்ஸ் கேட்டா. டெஸ்ஸு. இருபது வருஷமா என் அடுப்புப் புகை அவன் பெண்டாட்டி காயப்போட்ட துணியில படியுதுன்னு சண்ட. அந்தம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு. கொடியில இப்பத் துணியே கெடையாது. ஆனாலும் சண்ட போடுறான். அவன் பேரப் போயி எழுதுவேனா?"

"அவர்தானே உங்களக் கண்டுபிடிச்சது?"

"அதத்தான் தாங்க முடியல." அவர் சிரித்தார், சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் சுளித்தார். "புகை வரலியேன்னு பாக்க வந்தானாம். புகை வந்தாலும் அவனுக்குக் குத்தம், வராட்டியும் குத்தம்."

பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல் சொன்னார்.

"லித்துவேனியாவுல எனக்கு ஒரு தங்கச்சி. ஓனான்னு பேரு. இங்க வந்து சேர்ந்ததும் கடுதாசி போட்டேன். மூணு போட்டேன். ஒண்ணுக்குப் பதில் வந்துச்சு. அதே வீட்டு நம்பர், அதே தெரு. கையெழுத்து மட்டும் அவளுது இல்ல. நல்லா இருக்கேன், அங்க உன்கூட யார் யார் இருக்காங்க, எல்லார் பேரும் விலாசமும் எழுதி அனுப்புன்னு இருந்துச்சு. அப்ப அங்க ரஷ்யாக்காரனோட போலீஸ் ஆட்சி."

நோலீன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நம்பர் அதேதான், உள்ள வேற ஆள்" என்றாள் மெல்ல.

"ஆமா. அப்புறம் நான் எழுதல. நான் எழுதினதாலதான் அவளுக்கு ஏதாவது ஆச்சான்னும் தெரியல. அதுக்கப்புறம் எந்த ஃபாரத்துலயும் நான் ஒருத்தர் பேரையும் எழுதினதில்ல. பழகிப் போச்சு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அவ்வளவு சுலபமாகக் கையைப் பிடிப்பவர்கள் அல்லர். அவர் விலக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன மாதிரிக் காலியா விட்டவங்க வேற எத்தன பேரு?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க அவள் விண்ணப்ப அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மொத்தம் இருநூற்று முப்பத்தெட்டுப் பெட்டிகள். ஒரு விண்ணப்பத்தில் மரவா பக்கத்து விவசாயி ஒருவர் உறவினர் என்ற இடத்தில் 'கிப்பர்' என்றும், உறவு முறை என்ற இடத்தில் 'நாய்' என்றும் எழுதியிருந்தார். அந்தப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. நாயின் பெயர் ஒன்று போதும், அது ஒழுங்காக போன் போட்டுவிடும். முழுக்கக் காலியாக இருந்தவை, ரிம்குஸை விட்டால், ஒன்பது.

அந்த ஒன்பது தாள்களையும் அவள் க்ளைவின் மேசையில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றார் அவர்.

"போனேன்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கட்டாயம் பேரு எழுதணும்னு போட்டுடலாம்னு சொன்னேனே, நோலீன்."

"யாரும் இல்லாதவங்க என்னத்த எழுதுவாங்க, க்ளைவ்? நாய் பேரா?"

அவர் கோபமாகத் தாள்களை இழுத்துப் புரட்டினார். ஐந்தாவது தாளில் நின்றுவிட்டார். ஸ்டான்லி, சர்ச் தெரு. செல்வி ஆட்ரி ஆக்கர்பி, எண்பத்தொன்று.

"இது எங்க டீச்சர்" என்றார். "மூணாம் வகுப்பு. இவங்களுக்கு யாரும் இல்லியா?"

"எழுதல."

க்ளைவ் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து வேனின் சாவியை எடுத்து மேசை மேல் போட்டார். "இந்த ஒன்பது மொதல்ல. மிச்சத்துக்கு நான் ஆள் ஏற்பாடு பண்றேன். வக்கீல நான் பாத்துக்கறேன்" என்றார்.

திருத்தம் என்று பார்த்தால் இரண்டே வரி. சீட்டில் எண் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பட்டியலை விட்டுவிட்டு நேரே மையத்துக்கு போன் போடு. ஆனால் புரோகிராம் ஒரு சில்லுக்குள் பதிந்திருந்தது. அந்தக் காலத்தில் தொலைவிலிருந்து மாற்ற வழி கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், மூடியைத் திறந்து, பழைய சில்லைப் பிடுங்கிப் புதியதை அமுக்க வேண்டும். பழைய சில்லுகளைப் புறஊதா விளக்கின் கீழே வைத்து அழித்துவிட்டுத் திரும்பப் பதியலாம். அந்த வேலையை அவள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்தாள். ராஸ் அந்த விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாட்டிய ரொட்டி தின்றான்.

"அதுங்களுக்கு வெயில் காட்டிட்டு இருக்கியா?"

"எல்லாத்தையும் மறக்கடிச்சிட்டு இருக்கேன்."

"எங்கம்மாவுக்கும் ஒரு பத்து நிமிஷம் காட்டேன்" என்றான் ராஸ். ஆனால் கிழங்கு நடவு தொடங்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவனே வேன் ஓட்ட வருகிறேன் என்று வந்துவிட்டான்.

மூன்று நாள் சுற்றினார்கள். ஜீஹானில் ஒரு அம்மாள், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்: "எனக்கு மூணு புள்ளைங்க. எழுதினா அவங்க வரணுமே. வரலேன்னா அத நான் தெரிஞ்சுக்கணுமே. அதுக்குக் காலியாவே இருக்கட்டும்." ரோஸ்பெரியில் ஒருவர் பெட்டியை அலமாரிக்குள் தொப்பிகளுக்கு அடியில் வைத்திருந்தார், அதை வெளியே எடுத்து மேசை மேல் வைப்பதற்கு அவரைச் சம்மதிக்கவைக்க ராஸ் அரைமணி நேரம் கால்பந்து பேச வேண்டியிருந்தது. ஸ்டான்லியில் செல்வி ஆக்கர்பி அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, சில்லை மாற்றும் வரை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே பக்கத்தில் நின்று பார்த்தார்.

"உங்க முதலாளி க்ளைவ் டன்ஹாமா? காது பெரிசா, பென்சிலக் கடிச்சிட்டே இருப்பானே?"

"இன்னும் கடிக்கிறார், டீச்சர்."

"அவன ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. ஃபாரத்துல ஏன் காலியா விட்டேன்னு அவனே வந்து கேக்கட்டும்."

க்ளைவ் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, அதன் பிறகும். அவர் அங்கே என்ன பேசினார் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஆக்கர்பியின் விண்ணப்பத்தில் அந்த வருஷமே ஒரு பெயர் ஏறியது. அது க்ளைவின் கையெழுத்திலேயே இருந்தது.

ஒன்பது வீடுகளிலும் பழைய சில்லைக் கழற்றும்போது நோலீன் நின்ற இடங்களைக் குறித்துவைக்கும் அந்த மூலையைப் படித்துப் பார்த்தாள். எங்கேயும் ஒரு குறிப்பும் இல்லை. யாரும் அதுவரை அழுத்த வேண்டி வந்திருக்கவில்லை. கடைசி வீட்டை விட்டு வெளியே வந்ததும் வேனில் ஏறி உட்கார்ந்து அழுதாள். ராஸ் வண்டியைக் கிளப்பாமல், ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும் வரைக்கும் வாய்க்காலில் நின்ற வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்சப் பெட்டிகள் எல்லாம் கிறிஸ்துமஸுக்குள் மாற்றப்பட்டன. க்ளைவ் எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்; அதில் தவறு நடந்தது, மன்னிக்கவும் என்று நேராக இருந்தது. செய்தித்தாளில் நாலாம் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி வந்தது. இருபத்தோரு பேர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனி தள்ளாடியது, ஆனால் விழவில்லை. ரிம்குஸ் வழக்குப் போடவில்லை. வக்கீல் கேட்டபோது, "அந்தப் பொண்ணு சிப்பிப் பை வாங்கிட்டு வந்தா" என்றாராம்.

அக்டோபரில் அவர் வாராட்டாவுக்குத் திரும்பினார். பெட்டியை நோலீனே கொண்டுபோய் மாட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது, அருவிச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. வாசலில் டெஸ் மெட்வின் விறகுக் கூடையோடு நின்றிருந்தார்.

"யோவ் லித்துவேனியா, இந்த ஈர வெறகப் போட்டுத்தான்யா ஊரையே புகையா அடிக்கிறே. காஞ்சது கொண்டாந்திருக்கேன்."

"ஒன்ன யாரு கேட்டா? உள்ள வராதே, தரையத் தொடச்சிருக்கு."

"இந்தாம்மா," என்று டெஸ் நோலீன் பக்கம் திரும்பினார், "அந்த ஃபாரத்துல என் பேரப் போட்டுவிடு. இவன் ஒத்துக்க மாட்டான். நீயா போடு."

"அவர் சொல்லாம நான் போடக் கூடாதுங்க" என்றாள் அவள்.

"காலியா இருந்தாலும் இப்ப வேல செய்யுமா?" என்று கேட்டார் ரிம்குஸ்.

"செய்யும்."

"நிச்சயமா?"

"அழுத்திப் பாருங்க."

அவர் கழுத்தில் தொங்கிய பொத்தானை எடுத்தார். உடனே அழுத்தவில்லை. டெஸ் கூடையோடு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். ரிம்குஸ் அழுத்தினார். பெட்டி ஒரு தடவை க்ளிக் என்றது. போன் சுற்றும் ஓசை. பிறகு ஒரு பெண்ணின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"வணக்கம் மிஸ்டர் ரிம்குஸ், நான் ஜோடி. என்ன ஆச்சு, சொல்லுங்க?"

ரிம்குஸ் நோலீனைத் திரும்பிப் பார்த்தார். நோலீன்தான் குனிந்து, "ஒண்ணும் இல்ல ஜோடி, சோதனை" என்றாள்.

"சரி நோலீன். நீங்க நல்லா இருக்கீங்களா, மிஸ்டர் ரிம்குஸ்?"

"இருக்கேன்" என்றார் அவர். "நல்லா இருக்கேன். வீட்டுக்கு வந்துட்டேன்."

பட்டியலை அவர் காலியாகவே விட்டார். நோலீன் பெட்டியின் மூடியை மூடினாள். அந்த இடத்தைக் காலியாக வைக்க அவருக்கு உரிமை உண்டு என்பதுதான் அவள் எழுதிய அந்த இரண்டு வரியின் அர்த்தம் என்று அவள் பிறகு ராஸிடம் சொன்னாள். ராஸுக்குப் புரிந்ததா தெரியாது. தலையாட்டினான்.

வருஷத்துக்கு ஒரு தடவை விண்ணப்பத்தைப் புதுப்பிக்கத் தபாலில் தாள் போகும். மூன்றாம் வருஷம் வாராட்டாவிலிருந்து திரும்பி வந்த தாளில், சாய்ந்த பழைய ஐரோப்பியக் கையெழுத்தில், டெஸ்மண்ட் மெட்வின் என்று எழுதியிருந்தது. உறவு முறை என்ற இடத்தில் 'சண்டைக்காரன்' என்று இருந்தது. பதிவு செய்கிற பெண் இதை என்னவென்று ஏற்றுவது என்று கேட்டு நோலீனிடம் கொண்டுவந்தாள். "எழுதியிருக்கிற மாதிரியே ஏத்து" என்றாள் நோலீன்.

ரிம்குஸ் இரண்டாயிரத்து நாலில், தூக்கத்தில் போனார். பொத்தானுக்கு வேலை வரவில்லை. புகை வராததைப் பார்த்து டெஸ்தான் போய்க் கதவைத் தட்டினார். அடக்கத்துக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். பாதிரியார் பெயரைத் தப்பாக உச்சரித்தபோது பின்வரிசையிலிருந்து டெஸ் உரக்கத் திருத்தினார்.

அதற்குப் பிறகு சில வருஷங்களில் கம்பெனியை மெல்போர்ன்காரர்கள் வாங்கினார்கள். பெட்டிகள் போய்க் கைக்கடிகாரம் மாதிரி ஏதோ வந்தது. நோலீன் எழுதியதை யாரோ வேறு மொழியில் புதிதாக எழுதினார்கள். அதில் இப்படிப்பட்ட தப்பு நேரவே நேராது என்று விளம்பரத்தில் சொன்னார்கள். அவள் அதையும் வாங்கிப் படித்துப் பார்த்து, நாலு கேள்வி எழுதி அனுப்பினாள். இரண்டுக்குப் பதில் வந்தது.

அறுபத்தோரு வயதில் வேலையை விட்டாள். கடைசி நாளன்று, எப்போதோ ஓய்வு பெற்றிருந்த க்ளைவ் ஒரு கேக்கோடு வந்து, நாலு வார்த்தை பேசச் சொன்னார். "எனக்குப் பேச வராது" என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டினாள். ராஸ் வெளியே தன் சின்ன லாரியில் காத்திருந்தான். வழியில் போட் ஹார்பரில் நிறுத்தி, பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மே மாதம், அங்கே குளிர் தொடங்கும் காலம்; தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவள் செருப்பைக் கழற்றி ராஸின் மடியில் போட்டுவிட்டு, ஆபீஸ் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே அலைக்குள் ஓடினாள். "பைத்தியம்" என்றான் ராஸ். பிறகு அவனும் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.